செய்தி இல்லாத ஒரு வாரம்

இந்த வாரம் என்ன படித்தோம், என்ன பார்த்தோம், என்ன சாப்பிட்டோம் என்று எழுதும் வழக்கம் தலித் அரசியல் பேசுகிறவர்களிடம் இல்லை. இலக்கியப் பத்திரிகைகளில் அதற்கென்றே பத்தி உண்டு. ஓய்வு பெற்ற அதிகாரிகளும் எழுத்தாளர்களும் எழுதுவார்கள். காலையில் நடைப்பயிற்சி, வந்ததும் ஃபில்டர் காபி, மதியம் ஒரு நாவல், மாலையில் கச்சேரி அல்லது ஓர் உலக சினிமா. வாசகர்களும் ஆர்வமாகப் படிக்கிறார்கள். அதையே நாம் எழுதினால் "ஊரே பற்றி எரியும்போது இது தேவையா?" என்ற கேள்வி வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் நம் தோழர்களாகவே இருப்பார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஏதாவது நடந்தால்தான் நாம் எழுதுகிறோம். ஓர் ஊரில் கைகலப்பு, ஒரு காதல் இணை தலைமறைவு, ஒரு சிலை உடைப்பு, வழக்குப் பதிய மறுக்கும் காவல் நிலையம். அங்கே ஓடுவது, விசாரிப்பது, அறிக்கை எழுதுவது, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் மனுவோடு வரிசையில் நிற்பது. நம்முடைய வாரம் இப்படித்தான் ஓடுகிறது. கடந்த வாரம் எங்கள் பகுதியிலிருந்து அப்படி எந்தச் செய்தியும் வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று விட்டிருக்கலாம். அந்த 'ஒன்றும் இல்லை' என்பதைப் பற்றியே எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. ஏனென்றால் நம் மக்களுக்கு மறுக்கப்படுவது அதுதான். எதுவும் நடக்காத, தண்ணீர் பிடித்து, வேலைக்குப் போய், சமைத்துச் சாப்பிட்டு, எதையாவது படித்து, எதையாவது பார்த்துவிட்டுத் தூங்கப்போகிற ஒரு சாதாரண வாரம்.

நம்முடைய நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஜூன் 30 மேலவளவு. ஜூலை 23 தாமிரபரணி. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன். டிசம்பர் 6 அண்ணலின் நினைவு நாள். டிசம்பர் 25 கீழ்வெண்மணி. இடையிடையே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதனதன் நாட்கள். ஏப்ரல் 14ஐ விட்டுவிட்டால் பெரும்பாலும் இறப்பின் தேதிகள். இவற்றை மறக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மறந்தால் நாம் யார் என்பதே மறந்துபோகும். ஆனால் ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் போய், அந்த மக்கள் என்ன கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியில் இருந்தது கூலி நெல்லில் கொஞ்சம் உயர்வு கேட்ட போராட்டம். 1957இல் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டது அமைதிக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சரிசமமாக அமர்ந்து பேசிவிட்டு வந்த பிறகு. 1997இல் மேலவளவில் ஏழு பேர் வெட்டிக் கொல்லப்பட்டதற்குக் காரணம், தனித்தொகுதியான ஊராட்சியில் சட்டப்படி ஒருவர் தலைவரானதும், அந்த நாற்காலியில் உட்கார நினைத்ததும். 1999இல் தாமிரபரணி ஆற்றில் 17 உயிர்கள் போனது மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டது மக்கள் தினமும் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில்.

ஒருபடி நெல், ஒரு நாற்காலி, ஒரு குடம் தண்ணீர். யாரும் ராஜ்யம் கேட்கவில்லை. அசாதாரணமான இந்தச் சாவுகள் எல்லாமே மிகச் சாதாரணமான ஆசைகளிலிருந்து தொடங்கியவை. ஆகவே அன்றாடம் என்பது போராட்டத்துக்கு வெளியே இருக்கும் ஓய்வறை என்று நினைப்பது தவறு. சண்டையே அதற்காகத்தான் நடக்கிறது.

நம்ப முடியாதவர்கள் சட்டத்தைப் படிக்கலாம். இந்த வாரம் எங்கள் வாசிப்பில் முதலில் வந்தது ஒரு சட்டப் பிரிவு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வழக்கு நடத்தும்போது பிரிவு எண்ணைத் தேடித்தான் அதைப் புரட்டுவோம். இம்முறை அவசரம் இல்லாததால் ஒரு கதையைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம். புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். கல்யாண ஊர்வலம் போவதையும், அதில் குதிரை மீதோ வேறு வாகனத்திலோ ஏறுவதையும் தடுப்பது குற்றம். கிணறு, குளம், தண்ணீர்க் குழாய், குளிக்கும் துறை, சுடுகாடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை, பொதுக் கேளிக்கை இடம் என்று பட்டியல் நீள்கிறது.

ஒரு மனிதர் காலையில் எழுந்து, குளித்து, நல்ல துணி உடுத்தி, செருப்பு மாட்டி, சைக்கிளில் கடைக்குப் போய், சினிமா பார்த்துவிட்டு வரும் ஒரு நாளைத்தான் நாடாளுமன்றம் பட்டியல் போட்டிருக்கிறது. நாடாளுமன்றம் கற்பனையில் இதை எழுதவில்லை. செருப்புப் போட்டதற்காக அடி விழுந்த ஊர்கள் இருப்பதால்தான் செருப்பு சட்டத்துக்குள் வந்தது. மற்றவர்கள் யோசிக்காமலே செய்கிற காரியங்களைச் செய்ய நமக்குச் சட்டத்தின் துணை வேண்டியிருக்கிறது.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு விடுமுறை என்பது சூரியன் கிழக்கே உதிப்பதுபோல இயற்கையாக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை கிடைத்தது 1890 ஜூன் 10இல். அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் தோழர், சத்யசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர், 'தீனபந்து' இதழின் ஆசிரியர். 1884இல் மில் தொழிலாளர்களைக் கூட்டி வார ஓய்வு கேட்டார். சாதி ஒழிப்பு இயக்கத்திலிருந்து வந்த ஒருவர்தான் நம் நாட்டு ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுத்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக 1946இல் ஆலைகளின் வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. ஓய்வு நேரம் என்பது நம் முன்னோர்கள் கேட்டு வாங்கிய உரிமை. அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிறு இன்று யாரிடம் இருக்கிறது? மாதச் சம்பளக்காரர்களிடம் இருக்கிறது. நம்மில் படித்து வேலைக்குப் போனவர்களிடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் குப்பை அள்ளும் பெண்ணிடம் இருக்கிறதா? ஒருநாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி போகும் என்பதுதான் பல இடங்களில் நிலைமை. மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் குப்பை திங்கட்கிழமை இரண்டு பங்காகக் காத்திருக்கும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன்னால் 13 நாட்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் போலீசாரால் அப்புறப்படுத்தப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயம் வேண்டாம், பணிப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். பணிப் பாதுகாப்பு என்பதற்குள் வார ஓய்வும் மருத்துவ விடுப்பும் பண்டிகை நாளும் அடங்கியிருக்கின்றன. நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் தங்கள் வீட்டைப் பெருக்க நேரம் வேண்டும்.

எங்கள் தோழர்கள் காலனியில் நடத்தும் மாலைநேரப் பாடசாலையில் இந்த வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து 'வாழை' படம் பார்த்தோம். 2024இல் மாரி செல்வராஜ் தன் சிறுவயது அனுபவத்திலிருந்து எடுத்த படம். பள்ளி விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய ஒரு சிறுவனின் கதை. அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். விடுமுறை என்றால் பயம். நகரத்துத் திரையரங்குகளில் இந்த இடம் புதுமையாகத் தெரிந்திருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் விளக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. படம் முடிந்து பேசச் சொன்னபோது, செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்: "ஸ்கூல் இருந்தாத்தான் எங்களுக்கு லீவுக்கா."

சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் அறுத்தாலும் கணக்கு எட்டாது. விடுமுறை நாளில் பிள்ளைகளின் கையும் சேர்ந்தால்தான் எட்டும். அந்தக் குடும்பத்துக்கு ஞாயிறு என்பது கூடுதல் கல் அறுக்கும் நாள். இதை வன்கொடுமை என்று யாரும் எழுத மாட்டார்கள். ரத்தம் இல்லை, சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை, வழக்குப் பதியும்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு குழந்தையின் வாரத்தில் இரண்டு நாட்கள் காணாமல் போகின்றன, அவ்வளவுதான். வருஷத்துக்கு நூறு நாட்கள். பத்தாம் வகுப்பு முடிவு வரும்போது "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். போன நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி நம்முடைய தெருவுக்கு வருவோம். செய்தி இல்லாத வாரம் என்றோமே, அந்த வாரத்தில் சாதி லீவு போட்டுவிட்டதா என்ன? டீக்கடைகளில் பேப்பர் கப் வந்த பிறகு இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஒழிந்தது குவளை மட்டும்தான். சில கடைகளில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனியிலிருந்து வந்தவருக்குக் கேட்காமலே பேப்பர் கப். கேட்டால் "சுத்தம்தானே" என்று பதில் தயாராக இருக்கும். சட்டப்படி பிடிக்க முடியாது. பழக்கம் அவ்வளவு புத்திசாலியானது.

இன்னொரு பழக்கம், ஊர் கேட்பது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார், "எந்த ஊரு?" சொல்கிறோம். "ஊர்ல எங்க?" சொல்கிறோம். "கோயிலுக்கு இந்தப் பக்கமா, தாண்டியா?" மூன்று கேள்வியில் நம் தெருவைக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் பேச்சு தொடர்ந்தால் நல்ல மனிதர். திடீரென்று அவருக்குத் தூக்கம் வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். இந்த வாரம் வாடகைக்கு வீடு தேடிய ஒரு தோழருக்கு வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை, "வீட்டுல கவிச்சி சமைக்கக் கூடாது." அவர் வீட்டு வாசலிலேயே ஆட்டுக்கறிக்கடைப் பை தொங்கிக்கொண்டிருந்ததாம். அவர் சொன்ன கவிச்சி எது என்று இருவருக்கும் புரிந்தது. வீடு கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வாங்குவதிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆட்டுக்கறியை வெள்ளைப் பையில் ஆட்டிக்கொண்டே வரலாம். மாட்டுக்கறி செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, அதன்மேல் கீரைக்கட்டும் வைத்து வரும். யாரும் யாரையும் மிரட்டவில்லை. பை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. அலுவலகம் போகும் நம் இளைஞர்கள் திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து சாப்பிடுவதும் அப்படித்தான். அம்மா ஆசையாக வறுத்துக் கொடுத்த உப்புக்கண்டம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ருசியை மறைக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் மற்றதையும் மெல்ல மெல்ல மறைப்பார். தெருப்பெயர், தாத்தாவின் தொழில், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம்.

ஞாயிறு செய்தித்தாளில் நம்மவர்களும் விடாமல் படிக்கும் பக்கம் மணமகன், மணமகள் தேவை. கறுப்பு மையில் அச்சாகும் இந்த நாட்டின் மனசாட்சி அது. "சாதி தடையில்லை" என்று பெரிய மனதோடு தொடங்கும். அடைப்புக்குறிக்குள் "எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக" என்று முடியும். எழுதியவர் படித்தவர், வெளிநாட்டு வேலை, முற்போக்குக் குடும்பம். தன்னைச் சாதி பார்ப்பவர் என்று அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார். பல லட்சம் பேர் காலைக் காபியோடு அதைக் கடந்துபோகிறார்கள். ஆணவக் கொலை நடந்த மறுநாள் தலையங்கம் எழுதும் பத்திரிகையிலேயே அந்த அடைப்புக்குறியும் விளம்பரக் கட்டணத்துக்கு அச்சாகிறது. அருவாள் ஒரு நாளில் எடுக்கப்படுவதில்லை. வாராவாரம் அச்சாகும் அடைப்புக்குறி அதைத் தீட்டிக் கொடுக்கிறது.

இப்படிப்பட்ட சின்ன விஷயங்களை எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நாம் காட்ட விரும்பும் புத்தகம் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. இந்த வாரம் மாலைப் பாடசாலையில் அதைச் சத்தமாக வாசித்தோம். சில பக்கங்களே உள்ள சிறு நூல். 1930களின் நடுவில் எழுதி, அவர் காலத்துக்குப் பிறகு 1990இல் அச்சானது. அரசியல் சட்டமோ வட்டமேசை மாநாடோ அதில் கிடையாது. கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல சட்டை, நல்ல தொப்பி. என்ன சாதி என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரன் தன் வண்டியில் அவர்களோடு உட்கார மறுத்து நடந்து வருகிறான். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பசியோடே தூங்குகிறார்கள். வருஷம் 1901. பிறகு பரோடாவில் தங்க இடம் கிடைக்காத கதை, தௌலதாபாத் கோட்டையில் தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவியதற்காக வந்த சண்டை.

உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்த மனிதர், தீண்டாமை என்றால் என்னவென்று அயல்நாட்டவருக்கு விளக்க வேண்டியபோது தத்துவத்தைத் தேடிப் போகவில்லை. தண்ணீர், வண்டி, தங்கும் இடம் என்று அன்றாடத்தை எழுதினார். பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு வண்டிக் கதை இருந்தது.

அதே அம்பேத்கர் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டினார். புத்தகங்களுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய வீடு. பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வாசித்துப் பழகினார். நம் ஊர்களில் அவர் எப்படி நிற்கிறார்? நீல நிறக் கோட்டு, கையில் அரசியல் சட்டம், சுற்றி இரும்புக் கூண்டு. சிலையை உடைப்பவர்களிடமிருந்து காப்பாற்ற அரசாங்கம் போட்ட கூண்டு. நம் பங்குக்கு நாமும் ஒரு கூண்டு போட்டிருக்கிறோம். எப்போதும் போராடிக்கொண்டே இருப்பவர், எப்போதும் விரல் நீட்டுபவர். வயலின் வைத்திருக்கும் அம்பேத்கர் படம் ஒன்று நம் சேரிச் சுவர்களில் இருந்தால் நம் பிள்ளைகள் அவரோடு இன்னும் நெருக்கமாகப் பேசுவார்கள்.

வாரம் என்ற கால அளவே நம் இயக்க வரலாற்றில் முக்கியமானது. 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். புதன்கிழமைதோறும் வந்தது. ஓராண்டில் 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914இல் அவர் மறையும்வரை வாராவாரம் எழுதினார். அதில் அரசியல் கோரிக்கைகள் உண்டு. அவற்றோடு தீபாவளி ஏன் கொண்டாடுகிறோம், கார்த்திகை விளக்கு எங்கிருந்து வந்தது, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், வாசகர் கேட்ட சந்தேகத்துக்கு என்ன பதில் என்பவையும் உண்டு. அவர் சித்த மருத்துவர் அல்லவா, அன்றாடத்தின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர். மக்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த பழக்கங்களை எடுத்து, இது உன்னுடையது, உன் வரலாறு இதில் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய தொழிலாளர்கள் அதற்கு வாசகர்கள். பிற்காலத்தில் அந்தத் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மறுபடி வந்தது. வேலை முடிந்து திரும்பிய களைப்பில், விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்ட காலம் அது. வாரத்துக்கு ஒருமுறை படிக்கும் பழக்கம் ஓர் இயக்கத்தை வளர்த்தது.

இன்று நம்முடைய பழக்கம் கைபேசி. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நமக்குப் பத்திரிகை இடம் கொடுக்காதபோது அது இடம் கொடுத்தது. ஆனால் அதில் நாம் எதைப் பார்க்கிறோம்? நம் இளைஞர்களின் குழுக்களில் ஒரு வாரத்தில் சுற்றும் காணொளிகளைக் கவனித்தோம். பாதிக்கு மேல் நம்மவர் அடிபடுவது, கட்டிவைக்கப்படுவது, காலில் விழவைக்கப்படுவது. வேறு மாநிலம், வேறு வருஷம், தேதி தெரியாது. 'பகிருங்கள்' என்ற கட்டளை மட்டும் இருக்கும். ஆதாரம் வேண்டும், ஊர் அறிய வேண்டும் என்பது சரி. அதற்குக் காவல் நிலையம், நீதிமன்றம், ஊடகம் என்று இடங்கள் இருக்கின்றன. இரவு பதினோரு மணிக்குப் பதினைந்து வயதுப் பையன் போர்வைக்குள் அதையே பத்தாவது தடவையாகப் பார்ப்பதால் யாருக்கு நீதி கிடைக்கும்? அவனுக்குக் கிடைப்பது பயம் அல்லது வெறி. அடிபட்டவரின் மகளுக்கும் அந்தக் காணொளி எங்கிருந்தோ திரும்பி வருகிறது. நம்மை அவமானப்படுத்தியவன் எடுத்த படத்தை நாமே ஊர் ஊராகத் திரையிடுவது ஏன் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சினிமா இதில் ஒருபடி முன்னால் போயிருக்கிறது. 'பரியேறும் பெருமாள்' படத்தின் கடைசியில் இரண்டு தேநீர் கிளாஸ்கள், நடுவே ஒரு பூ. அவ்வளவுதான். சட்டக் கல்லூரிக்குப் போகும் பையன் அடிபடுவதையெல்லாம் காட்டிய படம், முடிவில் நம் கண்ணில் விட்டுவிட்டுப் போவது டீ கிளாஸை. அடியை மறக்கச் சொல்லவில்லை. எதற்காக அத்தனை அடி என்பதை நினைவில் வைக்கச் சொல்கிறது.

தோழர்கள் சொல்லும் எதிர்வாதம் எங்களுக்குத் தெரியும். அன்றாடம், ரசனை, வாசிப்பு என்று போனால் போராட்டம் நீர்த்துப்போகும், நடுத்தர வர்க்கமாகிப்போவோம் என்பார்கள். படித்து வேலை கிடைத்ததும் தெருவை மறந்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அவர்கள் மறந்ததற்குக் காரணம் ஓய்வு நேரமா? ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்ய நம்மிடம் எதுவும் இல்லாததா? துக்கத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் மட்டும் கூப்பிடும் உறவு எத்தனை நாள் நிற்கும்? சொந்தக்காரர்கள்கூட காதுகுத்துக்கும் கூப்பிட்டால்தான் சாவுக்கு மனசோடு வருவார்கள். இயக்கமும் அப்படித்தான். சேர்ந்து படம் பார்த்தவர்கள், சேர்ந்து கறிச்சோறு தின்றவர்கள், ஒரு புத்தகத்துக்காகச் சண்டை போட்டவர்கள் வழக்கு நாளன்று நீதிமன்ற வாசலில் கடைசிவரை நிற்பார்கள்.

இதிலிருந்து சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குச் சம்பளத்தோடு வார விடுமுறை வேண்டும் என்பதை நம் கூட்டங்களின் தீர்மானங்களில் கடைசியில் தள்ளாமல் முதலில் வைக்கலாம். சூளைப் பருவத்தில் பிள்ளைகளின் சனி, ஞாயிறை மீட்கக் குடும்பங்களின் முன்பணக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976 முதல் இருக்கிறது. திருமண விளம்பரங்களில் அந்த அடைப்புக்குறியை அச்சிட மாட்டோம் என்று ஏன் அறிவிக்கக் கூடாது என்று பத்திரிகைகளுக்கு வாராவாரம் கடிதம் போடலாம். வன்முறைக் காணொளி கையில் கிடைத்தால் வழக்கறிஞருக்கும் அதிகாரிக்கும் அனுப்பிவிட்டு, குழுக்களில் போடாமல் நிறுத்தலாம்.

இன்னொன்று நூலகம். எங்கள் பகுதியில் இருக்கும் சின்ன நூலகம் ஊர்த் தெருவில் இருக்கிறது. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்புவதற்குள் பூட்டிவிடுகிறார்கள். பகலில் போகக்கூடிய பெண்களும் பிள்ளைகளும் அந்தத் தெருவைக் கடக்கத் தயங்குகிறார்கள். காலனிக்குள் ஒரு கிளை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் கையால் எடுக்கும் உயரத்தில் அலமாரி வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். பாடசாலைப் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய புத்தகங்களின் பட்டியலை அதோடு இணைத்திருக்கிறார்கள். அம்பேத்கர் வரலாறு இருக்கிறது, பொது அறிவுப் புத்தகம் இருக்கிறது, பேய்க்கதையும் கிரிக்கெட் புத்தகமும் இருக்கின்றன. பேய்க்கதையை அடித்துவிடலாமா என்று மனு எழுதிய தோழர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.